ப்ராவனன்ஸ்: ஒரு பொருள் வந்த வழி

நிலம் வாங்கப் போகிறவர் மனையின் அழகைப் பார்த்து மட்டும் முன்பணம் கொடுத்துவிடுவதில்லை. தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பார். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். நடுவில் ஒரு கிரயம் விடுபட்டிருந்தால் பத்திர எழுத்தரே உதட்டைப் பிதுக்கிவிடுவார். இரண்டு சென்ட் மண்ணுக்கு நாம் கேட்கிற இந்தக் கேள்வியை ஒரு பழஞ்சிலையிடமோ பழங்கால எழுத்து பொறித்த களிமண் பலகையிடமோ கேட்டால், அதற்குப் பெயர் 'ப்ராவனன்ஸ்'. சிலைத் திருட்டு வழக்குகளின் புண்ணியத்தில் தமிழ் நாளிதழ்களுக்குள்ளும் இந்தச் சொல் நுழைந்துவிட்டது. பெரும்பாலும் பொருள் சொல்லாமல், சில சமயம் தப்பான பொருளோடு.

லத்தீனில் 'ப்ரோ' என்றால் முன்னே, வெளியே. 'வெனீரே' என்றால் வருதல். இரண்டும் சேர்ந்த 'ப்ரோவெனீரே' வெளிப்பட்டு வருவதைக் குறிக்கும். அது பிரெஞ்சில் 'ப்ரோவெனிர்' என்று திரிந்து, பெயர்ச்சொல்லாகி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' என்ற சொல்லையும் ஆங்கிலம் ஏறக்குறைய அதே காலத்தில்தான் இந்தியிலிருந்து எடுத்துக்கொண்டது. இரண்டு சொல்லுக்கும் ஒரே நேரத்தில் தேவை வந்தது தற்செயலாகவே இருக்கலாம்.

இன்றைய வழக்கில் ப்ராவனன்ஸ் என்பது பிறந்த இடத்தை மட்டும் சொல்வதில்லை. மண்ணிலிருந்தோ கோயிலிலிருந்தோ பட்டறையிலிருந்தோ புறப்பட்ட ஒரு பொருள் யார் யார் கைக்குப் போனது, எந்த ஆண்டில், எந்த நாட்டு எல்லையை எந்த அனுமதியோடு தாண்டியது, இப்போது விற்கிறவரிடம் எப்படி வந்தது என்ற முழுச் சங்கிலியும் அதில் அடங்கும். ஒரு கண்ணி அறுந்தாலும் ப்ராவனன்ஸ் அறுந்ததுதான். ஏல அட்டவணைகளில் 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960கள்' என்று ஒற்றை வரி போட்டிருப்பார்கள். அதைச் சங்கிலி என்று சொல்ல முடியாது, சங்கிலி இருந்ததாகச் சொல்லும் வதந்தி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அரசு ஆட்டம் காணும் நாடுகளில் இந்தச் சொல்லின் எடை முழுதாகத் தெரியவரும். எகிப்தை எடுத்துக்கொள்வோம். 2011 ஜனவரி 28 இரவு, கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்துக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த இளைஞர்கள் கைகோத்து வேலியாக நின்று காத்தார்கள். தலைநகரில் நிற்க ஆள் இருந்தது, பாலைவனத்துக் கல்லறைகளில் இல்லை. அதே ஆண்டு மின்யா வட்டாரத்திலிருந்து தங்கமுலாம் பூசிய ஒரு சவப்பெட்டி தோண்டி எடுக்கப்பட்டது. ஆட்டுக்கடாத் தலை கொண்ட ஹெரிஷெஃப் தெய்வத்தின் உயர்நிலைப் பூசாரி நெட்ஜெமான்க்கின் பெட்டி அது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஐக்கிய அரபு எமிரேட்டு, ஜெர்மனி, பிரான்சு என்று ஊர் சுற்றி, இடையில் செப்பனிடப்பட்டுப் பளபளப்பாகி, 2017இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விலை 35 லட்சம் யூரோ, ஏறத்தாழ நாற்பது லட்சம் டாலர்.

அருங்காட்சியகம் ப்ராவனன்ஸ் கேட்காமல் இல்லை. கேட்டது, காட்டினார்கள். 1971இல் எகிப்து அரசே கொடுத்ததாக ஓர் ஏற்றுமதி அனுமதித் தாள். எகிப்தில் தொல்பொருள் வணிகத்தை முற்றாகத் தடைசெய்த சட்டம் 1983இல்தான் வந்தது. அதற்கு முன் உரிமம் பெற்று விற்கவும் வெளியே அனுப்பவும் வழி இருந்தது. அதனால் போலி செய்கிறவர்களுக்கு 1983க்கு முந்தைய தேதிகள் என்றால் தனிப் பிரியம். இந்தத் தாளில் போட்டிருந்த தேதி 1971 மே. முத்திரையிலோ 'எகிப்து அரபுக் குடியரசு' என்று இருந்தது. அந்த மே மாதத்தில் அப்படியொரு நாடு இல்லை. 'ஐக்கிய அரபுக் குடியரசு' என்ற பெயரைக் கைவிட்டு எகிப்து இந்தப் பெயரைச் சூடியது அந்த ஆண்டு செப்டம்பரில். 1965ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் 'தமிழ்நாடு அரசு' என்று முத்திரை இருந்தால் நம் ஊர்ப் பதிவு அலுவலகத்து எழுத்தர் சிரித்துவிடுவார். 1969 வரை அது சென்னை மாநிலம். நாற்பது லட்சம் டாலர் கொடுத்த இடத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, 2019 பிப்ரவரியில் கண்காட்சியை மூடினார்கள். செப்டம்பரில் பெட்டி எகிப்திடம் ஒப்படைக்கப்பட்டது.

தாள் வேறு, ப்ராவனன்ஸ் வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வந்த வழி என்பது நடந்த சம்பவம். தாள் அதற்குச் சாட்சி மட்டும். சாட்சி பொய் சொல்லலாம்.

கொண்டுவருகிறவர் கையில் தாளே இல்லாதபோதும் ப்ராவனன்ஸ் இருக்க முடியும் என்பதற்கு பாக்தாத் உதாரணம். 2003 ஏப்ரலில் சதாம் உசேன் ஆட்சி விழுந்த கையோடு, இராக் தேசிய அருங்காட்சியகம் 10ஆம் தேதி தொடங்கி மூன்று நாள் சூறையாடப்பட்டது. போனவை ஏறத்தாழ 15,000 பொருள்கள். அடித்தளக் கிடங்கிலிருந்து மட்டும் ஈரக் களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரைகள் ஐயாயிரத்தை நெருங்கும் அளவில் காணாமற்போயின. விரல் நீளம்கூட இல்லாதவை அவை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டிவிடலாம். விசாரணைக்குத் தலைமையேற்றவர் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் கர்னல் மாத்யூ போக்டனோஸ். தொழிலால் அரசு வழக்கறிஞர். பின்னாளில் நியூயார்க்கில் அந்தப் பூசாரியின் பெட்டியைப் பறிமுதல் செய்ததும் இவர் தலைமையிலான பிரிவுதான். பாக்தாதில் அவர் செய்த முதல் வேலை ஓர் அறிவிப்பு: கொண்டுவந்து கொடுங்கள், எப்படி வந்தது என்று கேட்க மாட்டோம்.

பொருள்கள் வந்தன. தெற்கு இராக்கின் வார்க்கா என்ற பழநகரத்து ஐயாயிரம் ஆண்டுப் பழைய ஜாடி ஜூன் மாதம் ஒரு காரின் டிக்கியில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. வார்க்கா முகச்சிலை தோட்டத்து மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. பழைய அக்காட் நாட்டு அரசன் நராம்சின் பெயர் பொறித்த செம்புச் சிற்பத்தைக் கழிவுக்குழிக்குள்ளிருந்து தூக்கினார்கள். மனிதனின் கீழ்ப்பாதி மட்டுமே மிஞ்சிய அந்தச் சிற்பம் மட்டும் 150 கிலோ.

எப்படி வந்தது என்று கேட்காமலே வாங்கிக்கொள்ள அருங்காட்சியகத்தால் முடிந்ததற்குக் காரணம் உண்டு. பதில் அதனிடம் முன்பே இருந்தது. பதிவான பொருள்களின் மேல் இராக் அருங்காட்சியகத்தின் எண் மையால் எழுதப்பட்டிருக்கும்; அந்த எண் பதிவேட்டில் இருக்கும்; சிலவற்றுக்கு நிழற்படமும் இருக்கும். தரகர்களும் கேட்பதில்லைதான். அவர்கள் கேட்காததற்குக் காரணம், பதில் தெரிந்துவிடக் கூடாது என்பது.

பதிவேட்டில் ஏறாதவற்றின் கதை வேறு. அருங்காட்சியகத்தின் மீது உலகத்தின் கண் இருந்தபோது, தெற்கு இராக்கில் உம்மா, இசின் போன்ற பழநகர மேடுகளைக் குழி குழியாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரவில் தோண்டி எடுத்த களிமண் பலகைக்கு எண் ஏது? அது இருந்ததே யாருக்கும் தெரியாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் 2003 மே மாதம் ஓர் எல்லைத் தேதி போட்டது: 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு இராக்கிலிருந்து முறைகேடாக எடுத்துவரப்பட்டது என்று நியாயமான சந்தேகம் எழுந்தாலே அந்தப் பொருளை வாங்கவோ விற்கவோ கூடாது.

எல்லைத் தேதி வந்ததும் பொருள்களுக்கு வயது கூடிவிட்டது. புதையலில் கிடந்த வயதைச் சொல்லவில்லை, சந்தைக்கு வந்த வயதைச் சொல்கிறேன். பண்டைய மெசபடோமியாவின் கில்கமெஷ் காவியத்தின் கனவுப் பகுதி எழுதப்பட்ட ஒரு பலகை, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, 1981இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் உதிரி வெண்கலத் துண்டுகள் இருந்த பெட்டிக்குள் கிடைத்ததாக ஒரு கடிதம் கிளம்பியது. அந்தக் கடிதம் பொய். அதை நம்பி 2014இல் 16 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள். 2019இல் அமெரிக்க அரசு பறிமுதல் செய்து, 2021 செப்டம்பரில் இராக்கிடம் திருப்பிக் கொடுத்தது. களிமண்ணும் வெண்கலமும் ஒரே பெட்டியில் என்ன செய்துகொண்டிருந்தன என்று 2014இல் கேட்டிருந்தாலே போதும்.

நம் பக்கத்தில் இதற்கு இணையான சாட்சி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகக் கோயில்களில் பல பத்தாண்டுகளாக எடுத்துச் சேர்த்த நிழற்படங்கள். ஸ்ரீபுரந்தான் நடராசர் போலித் தாள்களோடு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014இல் திரும்பினார். அவர் கோயிலில் இருந்ததைக் காட்டிய படம் அந்தத் தொகுப்பில் இருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பிறப்பிடம்', 'பூர்வீகம்' இரண்டும் சங்கிலியின் முதல் கண்ணியோடு நின்றுவிடுகின்றன. நடுவில் நடந்த கைமாற்றங்கள்தான் இங்கே வழக்கே. அவற்றை விட்டுவிட்டால் சொல்லுக்கு வேலையில்லை. 'தோற்றுவாய்' நூல் முன்னுரைக்குப் பொருந்தும் சொல். 'மூலம்' இன்னும் மோசம். மூலநூல், மூலவர், மூலப்பொருள் என்று ஏற்கெனவே அதற்கு ஓய்வில்லை, போதாக்குறைக்கு மருத்துவமனை விளம்பரங்கள் வேறு. 'உடைமை வரலாறு' நெருங்கி வருகிறது. ஆனால் திருடனையும் உடையவன் ஆக்கிவிடுகிற குறை அதில் இருக்கிறது. கைக்கு வந்ததெல்லாம் உடைமை ஆகிவிடாது.

'வரலாறு' என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள்: வரல் + ஆறு. வரல் என்றால் வருதல். ஆறு என்றால் வழி, ஆற்றுப்படையில் இருக்கும் அதே ஆறு. ஒன்று வந்த வழி. லத்தீன்காரன் 'வெனீரே' என்று வருதலில் தொடங்கிய இடத்தில்தான் தமிழும் தொடங்கியிருக்கிறது. மன்னர்கள், போர்கள், பாடப்புத்தகம் எல்லாம் பிறகு வந்து ஏறிக்கொண்ட பொருள்கள். கோயில் மதிலில் எழுதியிருக்கும் தல வரலாற்றில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் 'சிலையின் வரலாறு' என்று இன்று எழுதினால் வாசகர் சோழர் காலத்துக்குப் போய்விடுவார், அந்த ஸ்ரீபுரந்தான் நடராசரை 2006இல் யார் லாரியில் ஏற்றினார் என்று யோசிக்க மாட்டார். ஆகவே ஓர் அடை தேவைப்படுகிறது. 'கைமாறிய வரலாறு' என்பது என் தேர்வு. சுருக்கப் போய் 'கைமாற்று வரலாறு' ஆக்கிவிடாதீர்கள், பக்கத்து வீட்டில் வாங்கிய ஐந்நூறு ரூபாய் நினைவுக்கு வரும். செய்தி நடையில் 'வந்த வழி' என்றே எழுதலாம். 'சிலையின் ப்ராவனன்ஸ் குறித்து ஐயம்' என்பதைவிட 'சிலை வந்த வழியில் ஐயம்' என்பது டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கும் உடனே புரியும்.

கூடவே ஓர் இரட்டைச் சொல்லும் உண்டு: 'ப்ராவீனியன்ஸ்'. வேர் ஒன்றுதான். அமெரிக்கத் தொல்லியலாளர்கள் இதைத் தனியே பிரித்து, பொருள் மண்ணில் கிடந்த துல்லியமான இடத்துக்கு வைத்துக்கொண்டார்கள்: எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் என்னென்ன. தமிழில் 'கண்டெடுத்த இடம்' போதும். கைமாறிய வரலாற்றை வழக்கறிஞர்கள் பின்னோக்கி நடந்து மீட்டுவிடலாம். கண்டெடுத்த இடத்தை அப்படி மீட்க முடியாது, கடப்பாரை பிடித்தவன் குறிப்பேடு வைத்திருப்பதில்லை. நெட்ஜெமான்க்கின் பெட்டி கெய்ரோவுக்குத் திரும்பிவிட்டது. உள்ளே இருந்த பூசாரியின் உடலைத் திருடர்கள் எடுத்து வீசிவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு விரல் எலும்பு மட்டும் பெட்டிக்குள் தங்கியிருந்தது.