டிஸ்க் தேய்மானத்துக்கு வைட்டமின் டி பாக்கெட் மருந்தா?

முதுகுவலி என்று வருகிறவர்களின் கோப்பில் இப்போதெல்லாம் இரண்டு தாள்கள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று, 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று, அதாவது இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று எழுதிய எம்ஆர்ஐ ரிப்போர்ட். மற்றொன்று, வைட்டமின் டி 12, 14 என்று குறைவாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை. "டி குறைஞ்சதாலதான் ஜவ்வு விலகிடுச்சா?" என்று கேட்கிறார்கள். எச்சிலைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கிய மரபணு ரிப்போர்ட்டையும் சிலர் கொண்டுவருகிறார்கள். அதில் 'விடிஆர் மரபணு: அதிக ஆபத்து' என்று சிவப்பில் இருக்கும். அதைப் பார்த்தே பாதி ஒடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். என்னைப் போல இயன்முறை மருத்துவம் செய்கிறவர்கள் முதலில் ஆற்ற வேண்டியது அந்தப் பயத்தைத்தான்.

டிஸ்க்குக்கும் வைட்டமின் டி-க்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. வைட்டமின் டி நேரடியாக வேலை செய்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் ஏற்பி ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் மரபணுக்களை இயக்குகிறது. அந்த ஏற்பி டிஸ்க்கின் செல்களிலும் உண்டு. அதைச் செய்வதற்கான குறிப்பு 12-ஆவது குரோமோசோமில் விடிஆர் என்ற மரபணுவில் இருக்கிறது. அதில் ஆளுக்கு ஆள் சிறு எழுத்து மாற்றங்கள் உண்டு. ஃபாக்-1 என்ற இடத்தில் மாறினால் ஏற்பியின் நீளமே 424 அமினோ அமிலத்துக்குப் பதில் 427 ஆகிவிடும். நீளமானது சற்று மந்தமாக வேலை செய்யும். டாக்-1 என்ற இடத்து மாற்றமோ புரதத்தை மாற்றுவதே இல்லை.

1998-இல் ஃபின்லாந்தில், மரபணு ஒன்றாகவே உள்ள ஒத்த இரட்டையர்களிடம் செய்த ஆய்வுதான் இந்த இரண்டு மாற்றங்களையும் டிஸ்க் தேய்மானத்தோடு முதலில் இணைத்துக் காட்டியது. அதே நாட்டு இரட்டையர் ஆய்வுகள் இன்னொன்றும் சொல்லின: வேறு வேறு வேலை பார்த்த இரட்டையர்களின் டிஸ்க்குகளும் பெருமளவு ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. "பாரம் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆச்சு" என்று தன்னையே நொந்துகொள்ளும் நோயாளிகளுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன். ஆனால் பிற்பாடு வெவ்வேறு நாட்டு மக்களிடம் செய்த ஆய்வுகளில் விடிஆர் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. டிஸ்க் தேய்மானத்தில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. ஒற்றை எழுத்தை வைத்து உங்கள் முதுகின் எதிர்காலத்தைச் சொல்ல யாராலும் முடியாது. அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

தேய்மானம் வேறு, வலி வேறு. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கணக்கு வந்தது. 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்ந்திருந்தது.

டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் ஓடுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டின் வழியாக ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், ஊசியில் ஏற்றிய சாயம் மணிக்கணக்கில் மெல்ல உள்ளே ஊறுவதை எம்ஆர்ஐ-யில் படிப்படியாகப் படம்பிடித்து 2004-இல் வெளியிட்டார்கள். புகைபிடிப்பது டிஸ்க்கைக் கெடுக்கும் என்று சொல்வதற்கும், அது இந்த ஊட்டப் பாதையைப் பாதிப்பதே ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் வைட்டமின் டி எதற்கு? எலும்புக்கும் தசைக்கும். பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா, டிஸ்க் பல்ஜ் என்று ஆறேழு மாதமாகப் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தவர், என்னிடம் வந்தார். குனியச் சொன்னேன், குனிந்தார். குத்தவைத்து எழச் சொன்னபோது கையூன்றியும் எழ முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பை லேசாக அழுத்தியதும் "ஐயோ" என்றார். நடை இரண்டு பக்கமும் சாய்ந்தது. இது டிஸ்க் வலியின் நடையல்ல. மருத்துவரிடம் அனுப்பினேன், எலும்புப் பாதிப்பைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்படேஸ் ரத்தத்தில் ஏறியிருந்தது, வைட்டமின் டி அடிமட்டத்தில். எலும்பு மென்மையாகும் நோய் (ஆஸ்டியோமலேசியா) என்று உறுதியாகி, கால்சியத்தோடு மருந்து எடுத்த சில மாதங்களில் பிடிமானமில்லாமல் படியேறினார். டிஸ்க் பல்ஜ் அப்படியேதான் இருந்திருக்கும். அதை மறுபடி படம் எடுக்க அவசியமே வரவில்லை.

இப்படிப்பட்ட குறைபாடு இல்லாதவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் முதுகுவலி குறைந்ததாகத் தெளிவான முடிவு இல்லை. விலகிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. ஆனால் 60,000 அலகு பாக்கெட்டை வாரம் ஒன்று என எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். தினமும் ஒன்று குடித்தவர்களும் உண்டு. அன்றாடத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் சொன்னது 600 அலகுதான். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் வரும், சிறுநீரகமே பழுதாகலாம்.

வெயில் விஷயத்திலும் ஒன்று. காலை ஏழு மணி இளவெயிலில் நிற்பது மனசுக்கு நல்லது, வைட்டமின் டி-க்கு அவ்வளவாக உதவாது. அதற்கான புற ஊதாக் கதிர் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைதான் நன்றாகக் கிடைக்கும். கண்ணாடி ஜன்னல் வழியே வராது. நம்மைப் போன்ற கருமை நிறத்தோருக்குக் கூடுதல் நேரமும் வேண்டும்.

டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு வலி இறங்கினாலும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். பிதுங்கல் தானாகச் சுருங்குவதும் உண்டு. படுத்தே கிடக்காமல் நடந்தால் போதும், பிறகு பயிற்சியைக் கூட்டலாம். காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். பாதம் தொங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.