மாப்பிள்ளை எத்தனை கிலோ, குதிரை எத்தனை கிலோ?

போன வைகாசியில ஒரு ராத்திரி பதினொன்னு இருக்கும், காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து போன். "டாக்டரே, குதிரை படுத்துடுச்சு, எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குது, கொஞ்சம் சீக்கிரம் வாங்க"ன்னு. நான் அடிப்படையில மாட்டு டாக்டர்தாங்க, நூறு கேஸ் வந்தா தொண்ணூத்தஞ்சு மாடும் ஆடும்தான், ஆனா ஓசூர் கிருஷ்ணகிரி பக்கம் குதிரை வச்சிருக்கவங்க இந்தப் பத்து வருஷத்துல நல்லாவே கூடிட்டாங்க, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடறவங்க, பெங்களூர்ல வேலை பார்த்துட்டு தளி பக்கம் தோட்டம் வாங்கிப் போட்டவங்க, அந்தியூர் சந்தைக்கு ஆடி மாசம் சும்மா வேடிக்கை பார்க்கப் போய் ஒன்னைப் பிடிச்சுட்டு வந்தவங்கன்னு எல்லா ரகமும் இருக்காங்க.

போய்ப் பார்த்தா வெள்ளை மட்டக்குதிரை, தலையில இன்னும் ஜிகினா குஞ்சம் கட்டினபடியே கிடக்குது. உடம்பெல்லாம் வேர்வை, பின் தொடையைத் தொட்டா கல்லு மாதிரி இறுகி இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு மூத்திரம் விட்டுச்சு பாருங்க, அப்படியே காபி டிகாஷன் கலர். சதை நொறுங்கி அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து கிட்னி வழியா வந்தா இந்தக் கலர்தான் வரும். ஒரு வாரமா வேலையே இல்லாம கட்டிப்போட்டு, கொள்ளும் தவிடும் மட்டும் தாராளமா வச்சுட்டு, திடீர்னு ஒரு நாள் பாரமா வேலை வாங்கினா குதிரைக்கு வர்ற பிரச்சனை இது. பாட்டில் பாட்டிலா டிரிப் ஏத்தி, வலிக்கு ஊசி போட்டு, நடக்க வைக்காதீங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருந்தப்பதான் கேட்டேன், யாருங்க ஏறினது? மாப்பிள்ளை. எத்தனை கிலோ இருப்பாரு? குதிரைக்காரர் கொஞ்சம் யோசிச்சாரு, "நல்லா ஜிம் பாடிங்க, ஒரு தொண்ணூறு இருப்பாரு". அது போக சேணம், ஜரிகைத் துணி, வெள்ளி முலாம் அலங்காரம் எல்லாம் ஒரு 15 கிலோ. நடுவுல போட்டோவுக்காக அக்கா பையனையும் முன்னாடி தூக்கி உட்கார வச்சிருக்காங்க. செண்டை மேளத்தோட ரெண்டு மணி நேரம்.

என் பையில டேப் இருந்துச்சு. முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி அளந்தா 137 சென்டிமீட்டர், தோள் முனையில இருந்து பின்சப்பை முனை வரைக்கும் நீளம் 120. சுத்தளவை சுத்தளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11,877 ஆல வகுத்தா குதிரையோட எடை கிலோவுல கிட்டத்தட்ட வந்துடும், எடைமேடை வேண்டாம். போன்ல போட்டுப் பார்த்தேன், 190 கிலோ. 190 கிலோ உடம்பு மேல 105 கிலோ, பையன் கணக்கு தனி. பாதிக்கும் மேல.

குதிரைக்காரருக்கு நிஜமாவே அதிர்ச்சிங்க. அவரு கெட்டவர் இல்ல, பொறந்த குழந்தை மாதிரி அந்தக் குதிரையைப் பார்த்துக்கறவரு. சந்தையில வாங்கறப்ப சுழி பார்த்தாரு, பல்லைப் பிடிச்சுப் பார்த்தாரு, நிறம் பார்த்தாரு, எவ்ளோ பாரம் தூக்கும்னு மட்டும் யாரும் அவருக்குச் சொல்லல, அவரும் கேட்கல. இந்த ஊர்ல டெம்போவுக்கு எத்தனை டன் ஏத்தலாம்னு சின்னப் பையன் கூட சொல்லுவான்.

சரி, எவ்ளோதான் தூக்கும்? பொதுவா எல்லாரும் சொல்ற கணக்கு, ஏறறவங்க எடை ப்ளஸ் சேணம் எல்லாம் சேர்த்து குதிரை எடையில 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும். இது அமெரிக்கக் குதிரைப்படை காலத்துல இருந்து வர்ற பழைய கணக்கு. 2008ல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க 8 குதிரையை வச்சு 15, 20, 25, 30 சதவீதம்னு பாரத்தை மாத்தி மாத்தி ஓட விட்டுப் பார்த்தாங்க, 25ஐ தொட்டதும் நாடித்துடிப்பு ஏறுது, சதை வலி தெரியுது, 30ல ரொம்ப மோசம். அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா இடுப்பு அகலமா இருந்த குதிரைக்கும், முன்னங்கால் முட்டிக்குக் கீழ எலும்பு தடிமனா இருந்த குதிரைக்கும் வலி கம்மி. உயரத்தைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணக் கூடாதுங்கறது இதனாலதான், ஒட்டகச்சிவிங்கி மாதிரி நெட்டையா ஒல்லிக் காலோட நிக்கற குதிரையை விட, குள்ளமா பெஞ்சு மாதிரி அகலமா இருக்கறது நிறைய தாங்கும். ஐஸ்லாந்துக் குதிரைங்க மட்டக்குதிரை சைஸ்தான், ஆனா அங்க பெரியவங்களே ஏறிப் போறாங்க, அது அந்த இனத்தோட கட்டுமானம். நம்ம ஊரு மட்டத்துக்கு அதைச் சொல்லி நியாயம் பேச முடியாது.

அதுக்காக 20 வரைக்கும் கண்ணை மூடிட்டு ஏத்தலாமான்னா அதுவும் இல்லீங்க. இங்கிலாந்துல பண்ணின ஒரு சோதனை, ரிப்போர்ட் 2019 வாக்குல வந்துச்சு, 6 குதிரை, வெவ்வேற எடையில 4 பேர். கனமான ரெண்டு பேரும் ஏறினப்ப ஒவ்வொரு தடவையும் பாதியிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு, பெரும்பாலும் குதிரை நொண்ட ஆரம்பிச்சதால. அதுல ஒருத்தர் எடை 15லருந்து 18 சதவீதம்தான், 20 கூட வரல. சேணம் அவங்க சைஸுக்குப் பத்தாம பின்னாடி சரிஞ்சு உட்கார்ந்தது ஒரு காரணம், அந்தக் குதிரைங்களுக்கு அவ்ளோ பாரம் பழக்கமில்லைங்கறதும் உண்டு. அதனால நான் புதுசா கத்துக்கறவங்களுக்கு 15தான் சொல்லுவேன், நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க, குதிரையும் பழகினது, சேணமும் பொருந்துது அப்படின்னா 20.

இதை நம்ம ஊருக்கு வச்சுப் பாருங்க. குஜராத் பக்கத்து இனமான கத்தியவாரி குதிரை ஒன்னு, நெஞ்சு 165, நீளம் 150, கணக்குப் போட்டா 344 கிலோ வரும். அதுல 20 சதவீதம் 69 கிலோ. சேணம் 8 கிலோ கழிச்சா 61 கிலோ ஆள். அதாவது ரொம்ப சாதாரண உடம்புக்காரர், 70 கிலோ இருக்கற நம்ம பக்கத்து வீட்டுக்காரரே அந்தக் குதிரைக்கு அதிகம்! இது குண்டா இருக்கறவங்களைக் கிண்டல் பண்ற பேச்சு இல்லைன்னு இங்கதான் புரியணும். பெரிய குதிரை கிடைச்சா 90 கிலோக்காரரும் தாராளமா ஏறலாம், சின்னக் குதிரைன்னா நானே ஏறக் கூடாது, 74 கிலோ.

அப்புறம் குதிரையோட எடைன்னு சொல்றப்ப கொழுப்பையும் சேர்த்துக்காதீங்க. இளைத்தவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாங்க, இங்க தலைகீழா கொள்ளு வச்சே கொழுக்க வச்சுடறாங்க. 40 கிலோ தொப்பை போட்ட குதிரை இன்னும் 8 கிலோ சேர்த்துத் தூக்கும்னு கணக்கு சொல்லும், ஆனா அது ஏற்கனவே 40 கிலோ மூட்டையைச் சுமந்துட்டுதான நிக்குது. விலாவைக் கையால தடவினா எலும்பு தெரியணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது, அந்த அளவு உடம்புக்குத்தான் இந்தக் கணக்கு செல்லும்.

"ஜட்கா வண்டியில ஆறு பேரை இழுத்துச்சே சார்"னு கேட்பாங்க. இழுத்துச்சு. பாரம் சக்கரத்து மேல, சக்கரம் தரை மேல. முதுகு மேல வைக்கறது வேற சமாச்சாரம். குதிரைக்கு முன்னங்காலை உடம்போட சேர்க்கற எலும்பே கிடையாது, நமக்கு இருக்கற காறையெலும்பு அதுக்கு இல்ல, நெஞ்சு பூரா ரெண்டு தோளுக்கு நடுவுல சதையில தூளி கட்டின மாதிரி தொங்கிட்டிருக்கு. முதுகும் அப்படித்தான், வயித்துச் சதை இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் நிமிர்ந்து நிக்கும், சதை சோர்ந்தா முதுகு கீழ தொய்யும். முதுகெலும்புல இருக்கற வளர்ற பகுதிங்க முழுசா முத்தறதுக்கு அஞ்சு, அஞ்சரை வயசு ஆயிடும், இங்க ரெண்டரை வயசுக் குட்டிக்கு சேணம் போட்டு முழு ஆளை ஏத்தறாங்க, அதைப் பத்தி தனியாவே எழுதலாம்.

இன்னொரு கேள்வி, "ராஜா காலத்துல கவசம் ஈட்டியோட போனாங்களே". நம்ம தருமபுரி மியூசியத்துல நடுகல்லுங்க வரிசையா இருக்கு, போய்ப் பாருங்க, வீரனுக்குத்தான் கல்லு. ஓசூர் மத்திகிரி பண்ணையே வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளத்துக் குதிரைக்காக இருந்த இடம்தான். அந்த பிரிட்டிஷ் பட்டாளம் 1899லருந்து 1902 வரை தென்னாப்பிரிக்கப் போர்ல 3 லட்சத்துக்கும் மேல குதிரைங்களை இழந்துச்சு, குண்டு பட்டுச் செத்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அதிக பாரம், தீனி பத்தாதது, கப்பல்ல வந்து ஓய்வில்லாம கிளப்பினது, நோய். தூக்குச்சுங்கறதும் தாங்குச்சுங்கறதும் ஒன்னு இல்லையேங்க.

தளி ரோட்டுல ஒரு தோட்டத்துல வேற மாதிரி கேஸ். பெங்களூர் ரேஸ்ல ஓடி ஓய்வு பெத்த குதிரை, 470 கிலோ, வாங்கினவர் 82. சேணத்தோட 90, அந்த 20 சதவீதக் கணக்குப்படி பாஸ். ஆனா ஏறினதும் காதை மடக்குது, வாலை அடிக்குது, ரெண்டு தடவை தள்ளி விட்டுடுச்சு, "கொழுப்பு சார் இதுக்கு, ரேஸ் புத்தி"ன்னாரு. முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் விரலால அழுத்திக்கிட்டே வந்தேன், ஒரு இடத்துல சட்டுனு முதுகைக் கீழ இறக்குச்சு. அங்கயே ரெண்டு வெள்ளை முடித் திட்டு, பழுப்புக் குதிரையில பளிச்சுனு தெரியுது. சேணம் அழுத்தி அழுத்தி முடிவேர் செத்துப் போன அடையாளம் அது. ஆன்லைன்ல வாங்கின சேணம், முன்பக்கம் குறுகல். போதாததுக்கு அவரு கத்துக்குட்டி, குதிரை ட்ராட்ங்கற துள்ளு ஓட்டம் போறப்ப தொபுக்கு தொபுக்குன்னு விழுந்து உட்கார்றாரு, அந்த ஓட்டத்துல ஒவ்வொரு எட்டுலயும் முதுகுல இறங்கற விசை ஆள் எடையைப் போல ரெண்டு மடங்கு கிட்ட வரும். தரையில இருந்து ஒரே பக்கமா அங்கவடியில, அதான் கால் வைக்கற வளையத்துல, தொங்கி ஏறறது வேற, அந்த இழுப்புலயே முதுகு திருகும். நான் சொன்னது மூனே விஷயம், ரெண்டு மாசம் ஏறாதீங்க, கயித்துல பிடிச்சு மேடு பள்ளத்துல நடக்க வைங்க, பொருந்தற சேணம் பாருங்க, ஏறறதுக்குத் தோட்டத்துல ஒரு திண்ணை கட்டிக்கோங்க. நாலு ஆயிடுச்சோ? பரவால்ல. எடையை ஒரு கிலோ குறைக்கச் சொல்லல, இப்ப அந்தக் குதிரையோட கொழுப்பெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

சேணப்புண்ணு வந்தா மஞ்சள், இஞ்சின் ஆயில்னு போட்டு மேலயே திரும்ப சேணம் கட்டறதை தயவு செஞ்சு நிறுத்துங்க. குதிரைக்கு டெட்டனஸ் வர்ற மாதிரி வேற கால்நடைக்கு வராது, வந்தா காப்பாத்தறது ரொம்ப கஷ்டம், டிடி ஊசி முன்கூட்டியே போட்டு வச்சுடுங்க.

சட்டமும் இருக்குங்க, யாருக்கும் தெரியறதில்ல. 1965ல வந்த மத்திய அரசு விதி, சுமை தூக்கற மட்டக்குதிரைக்கு அதிகபட்சம் 70 கிலோ, கழுதைக்கு 50, கோவேறு கழுதைக்கு 200ன்னு போட்டிருக்கு. வெயில் 37 டிகிரி தாண்டற ஊர்ல மதியம் 12 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாதுன்னும் இருக்கு, சித்திரை வைகாசியில தருமபுரிக்கு அந்த 37 எல்லாம் சர்வசாதாரணம். அளவுக்கு மீறி ஏறி ஓட்டறது 1960 சட்டத்துலயே குற்றம்தான், முதல் தடவைக்கு அபராதம் எவ்ளோ தெரியுமா, 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரை. டீ வடைக்கு ஆகற காசு. அதனால நான் யாரையும் சட்டத்தைக் காட்டி மிரட்டறதில்ல.

காவேரிப்பட்டணம் குதிரை பொழைச்சுக்கிச்சு. அஞ்சாவது நாள் மூத்திரம் தெளிவாச்சு, ரெண்டு மாசம் ஓய்வு. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி அந்த அண்ணன் வந்தாரு, "டாக்டரே, இப்பல்லாம் புக்கிங் வந்தா மாப்பிள்ளை எத்தனை கிலோன்னு கேட்கறேன், பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க, நீ என்ன ஆளைத் தராசுல நிறுத்தறியான்னு. உங்க லெட்டர்பேடுல ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, லேமினேஷன் போட்டு வண்டியில மாட்டிக்கறேன்"னு. அவருகிட்ட இருக்கற மூனு குதிரையையும் அளந்து, எடை போட்டு, சேணம் கழிச்சு, ஒவ்வொன்னு பேருக்கு நேரா ஏறலாம்ங்கற எடையை எழுதினேன். பெரிய மார்வாரி இனக் குதிரைக்கு 68 கிலோ, கத்தியவாரிக்கு 60. வெள்ளை மட்டத்துக்கு, அந்த அலங்கார சேணம் வேண்டாம், லேசான துணி சேணம்தான்னு குறிச்சுட்டு, 33ன்னு எழுதினேன்.

அதையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தாரு. "அப்ப இதுல சின்னப் பசங்க மட்டும்தான் ஏற முடியும்?"

ஆமாங்கண்ணா, மாப்பிள்ளை வேணா கடிவாளத்தைப் பிடிச்சுட்டு பக்கத்துல நடக்கட்டும்னேன்.