ஏஐ தின்னும் மின்சாரமும் மிச்சப்படுத்தும் கரியும்

ஏஐக்கென்று செய்யப்பட்ட எச்100 போன்ற ஒரு சிப், முழு வேகத்தில் ஓடும்போது 700 வாட் வரை இழுக்கும். கவிதை எழுதினாலும் சரி, கணக்குப் போட்டாலும் சரி, அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகிவிடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான சிப்புகள் அடுக்கிய கூடத்திலிருந்து வெப்பத்தை இரவு பகலாக வெளியேற்றியாக வேண்டும். தரவு மையங்கள் எனப்படும் இந்தக் கூடங்களில் பல, இதற்குத் தண்ணீரை ஆவியாக்குகின்றன. வியர்வை நம் உடலைக் குளிர்விப்பது போலத்தான். ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பத்தை ஆவியாக்கியே போக்குவதென்றால், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் காற்றோடு போய்விடும்.

2024-இல் உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 41,500 கோடி யூனிட் செலவிட்டதாக சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. ஏஐ அதில் ஒரு பங்குதான். உலக மின்நுகர்வில் தரவு மையங்களின் பங்கு மொத்தமே ஒன்றரை சதவீதம் என்பதால் சிறிதாகத் தெரியலாம். ஆனால் சுமை பரவலாக விழுவதில்லை. அயர்லாந்தில் 2023-இலேயே மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது.

சரி, பலன்? அதுவும் உண்மையானதே. வழக்கமான வானிலைக் கணிப்புக்கு சூப்பர் கம்ப்யூட்டர் பெரிய பெரிய சமன்பாடுகளோடு நெடுநேரம் மல்லுக்கட்டும். 2023-இல் வெளிவந்த கிராஃப்காஸ்ட் என்ற ஏஐ வானிலை மாடல், 10 நாள் கணிப்பை ஒரே சிப்பில் ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடுகிறது. காற்றாலைகளுக்கு நாளை எவ்வளவு காற்று கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அவசரத்துக்கென அனல் மின் நிலையங்களைச் சும்மா எரியவிடுவதைக் குறைக்கலாம். செயற்கைக்கோள் படங்களில் மீத்தேன் கசிவைக் கண்டுபிடிக்கவும் ஏஐ உதவுகிறது. 20 ஆண்டுக் கணக்கில், மீத்தேன் அதே எடை கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் சூடேற்றும். ஆனால் கசிவைக் கண்டுவிட்டால் மட்டும் போதாது, யாராவது போய்க் குழாயை அடைக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்குக் குளறுபடி நடக்கிறது. கிராஃப்காஸ்ட் போன்ற மாடல்கள் ஒப்பீட்டில் மிகச் சிறியவை. மின்சாரத்தை விழுங்குபவை உரையும் படமும் வீடியோவும் உருவாக்கும் ராட்சத மாடல்கள். ஒன்றின் புண்ணியத்தை மற்றொன்றின் கணக்கில் வரவு வைத்து, “ஏஐ காலநிலைக்கு நல்லது” என்று பேசுவது எனக்கு ஏற்கவே முடியாத வாதம். அப்புறம், செலவு இன்றே மீட்டரில் ஓடுகிறது. பலனோ யாரோ செயல்பட்டால்தான் கிடைக்கும்.

பலவகை வேலைகளுக்கும் பயன்படும் பொதுப்பயன் ஏஐ மாடல்களின் மின்நுகர்வை ஆவணப்படுத்த வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம். நல்ல தொடக்கம், ஆனால் போதாது. ஒவ்வொரு தரவு மையமும் எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்த எரிபொருளில் பிறந்த மின்சாரத்தை எவ்வளவு எடுத்தது, எவ்வளவு தண்ணீரை ஆவியாக்கியது என்பதைப் பொதுவில் வெளியிட வேண்டும். அனுமதி கொடுக்கும் முன்பே அரசுகள் இதை நிபந்தனையாக வைக்கலாம்.