மழை காட்டிக்கொடுக்கும் எலும்பு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மூன்று சிறுவர்கள் ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸைக் கண்டுபிடித்த செய்தி 2024-இல் வந்தபோது வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. எலும்பு பூமிக்குள் ஆழத்தில் அல்லவா கிடக்க வேண்டும்? நடந்துபோகிற பிள்ளைகள் கண்ணில் எப்படிப் பட்டது?" இந்தக் கேள்விக்கான பதில் அந்த ஊர்க் களிமண்ணில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நடந்த கதை. 2022 ஜூலையில் மார்மார்த் என்ற சிற்றூருக்கு அருகில், மத்திய அரசுக்குச் சொந்தமான பொட்டல் காட்டில், அண்ணன் தம்பி இருவரும் உறவுக்காரப் பையன் ஒருவனும் அப்பாவோடு நடந்துகொண்டிருந்தார்கள். மூவருமே பத்து வயதைத் தாண்டாதவர்கள். சரிவில் ஒரு பெரிய கால் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அப்பா அதைப் படம் எடுத்துத் தன் பள்ளித் தோழர் டைலர் லைசனுக்கு அனுப்பினார். டென்வர் அருங்காட்சியகத்தில் தொல்லுயிரியலாளராக இருப்பவர் அவர். ஏதோ வாத்து அலகு டைனோசராக இருக்கும் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். அடுத்த ஆண்டு முறையாக அனுமதி வாங்கித் தோண்டினார்கள். தாடையும் பற்களும் வெளிப்பட்ட பிறகுதான் அது இன்னும் முழுதாக வளராத டி. ரெக்ஸ் என்று தெரிந்தது. லைசனும் மார்மார்த்தில் வளர்ந்தவர்தான். 1999-இல், பதின்ம வயதில், தோலின் தடம்கூட அழியாத எட்மன்டோசாரஸ் என்ற வாத்து அலகு டைனோசர் ஒன்றை அதே வட்டாரத்தில் கண்டுபிடித்தவர்.

எலும்பு கல்லான கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். செத்த விலங்கை ஆற்று வண்டல் சீக்கிரமே மூடிவிட வேண்டும். அப்புறம் நிலத்தடி நீர் கொண்டுவரும் தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளை நிரப்பும். எலும்பில் ஏற்கெனவே இருக்கும் கால்சியம் பாஸ்பேட் படிகங்களும் ஃபுளோரினை ஏற்றுக்கொண்டு இன்னும் உறுதியாகும். ராக்கி மலைகளிலிருந்து கிழக்கே ஓடிய ஆறுகள் இப்படி மூடி வைத்த மணலும் சேறும்தான் இன்றைய ஹெல் கிரீக் பாறை அடுக்கு. மான்டானா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவியிருக்கிறது. வயது ஏறத்தாழ 6.8 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டு வரை. பின்னால் நிலம் மேலெழுந்தது, மேலே படிந்திருந்த அடுக்குகளை ஆறுகள் அரித்துக்கொண்டு போயின. மார்மார்த் பக்கம் ஓடும் லிட்டில் மிசௌரி ஆற்றைப் பனியுகத்தில் பனிப்பாறைகள் வழிமறித்துக் கிழக்கே திருப்பிவிட்டன. புதிய வழியில் சரிவு கூடுதல் என்பதால் ஆறு வேகமெடுத்து நிலத்தை ஆழமாக வெட்டியது.

ஆறு வெட்டிய பள்ளத்தாக்குகள் உலகில் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவற்றில் புல்லும் மரமும் மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது தெரியாது. இங்கே மட்டும் மலைச்சரிவுகள் ஏன் மொட்டையாகவே கிடக்கின்றன?

அந்தக் காலத்தில் மேற்கே எரிமலைகள் குமுறிக்கொண்டிருந்தன. காற்றில் வந்து விழுந்த சாம்பல் சேற்றோடு கலந்து, காலப்போக்கில் பென்டோனைட் என்ற களிமண்ணாக மாறியது. அதன் முக்கியத் தாது மான்ட்மோரில்லோனைட். நீர் பட்டால் உப்பும் ஸ்மெக்டைட் என்ற களிமண் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் துகளுக்குள் போய்ப் பார்த்தால், சுமார் ஒரு நானோமீட்டர் தடிமனில் தகடு மேல் தகடாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் நடுவில் அலுமினிய அடுக்கு, இரு பக்கமும் சிலிக்கா அடுக்கு. அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் வந்து உட்கார்ந்துவிடுவதால் தகட்டில் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதைச் சரிக்கட்ட, தகடுகளுக்கு இடையில் சோடியம் அயனிகள் வந்து தங்குகின்றன. ஆனால் அவை தகடுகளை இறுக்கிப் பிடிப்பதில்லை, லேசாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மழை பெய்கிறது. சோடியம் அயனிக்குத் தண்ணீர் என்றால் தனிப்பிரியம். நீர் மூலக்கூறுகள் இடுக்குக்குள் புகுந்து ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொள்ள, தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஒரு துகளில் நடப்பது கோடானுகோடித் துகள்களிலும் நடக்கும்போது, கைப்பிடிக் களிமண் பல மடங்கு உப்பிவிடும். வெயில் வந்ததும் நீர் வெளியேறும், தகடுகள் நெருங்கும், மண் சுருங்கி வெடிக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு இது கண்ணால் பார்த்த காட்சி. கோடையில் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு, ஒரு மழை பெய்தால் செருப்பை இழுத்துப் பிடிக்கும் களி. நம் கரிசல் மண்ணின் இந்தக் குணத்துக்கும் இதே ஸ்மெக்டைட் குடும்பம்தான் காரணம்.

அழகு இதற்குப் பிறகுதான். உப்பிய களிமண் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்கிறது. அதனால் மழைநீர் மேலே சில அங்குலத்துக்குக் கீழ் இறங்குவதில்லை. மீதி நீர் முழுக்கச் சரிவில் வழிந்து, ஓடைகளாகச் சேர்ந்து மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும். காய்ந்த பிறகு மேற்பரப்பு பொரிந்து பொரிந்து உதிரியாக நிற்கும். அங்குள்ளவர்கள் அதைப் பாப்கார்ன் மண் என்கிறார்கள். அடுத்த பெருமழை அந்த உதிரியை அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும். இந்த உப்பல் சுருங்கலில் இளம் செடியின் வேர் அறுந்துவிடுகிறது. உள்ளே ஈரமும் இல்லை, இருப்பதும் சோடியம் மிகுந்த மண். செடி எப்படி வரும்? செடி இல்லாததால் மண்ணைப் பிடிக்க ஆள் இல்லை, அரிப்பு இன்னும் கூடுகிறது. இப்படியே ஒவ்வோர் ஆண்டும் ஒரு மெல்லிய தோல் உரிகிறது. அந்த ஆண்டு உரிந்த இடத்தில் ஒரு எலும்பின் விளிம்பு இருந்தால், அடுத்த முறை நடந்துபோகிறவர் கண்ணில் படும்.

எலும்பைக் காட்டிக்கொடுக்கும் இதே மண்தான் அதை அழிக்கவும் செய்கிறது. விரிசலுக்குள் புகுந்த களி ஒவ்வொரு மழைக்கும் உப்பி எலும்பைப் பிளக்கும். குளிர்காலத்தில் விரிசலில் தங்கிய நீர் உறைந்து விரிந்து தன் பங்கைச் செய்யும். ஆறரைக் கோடி ஆண்டு பத்திரமாக இருந்த எலும்பு, வெளியே தலைகாட்டிய சில ஆண்டுகளில் சில்லுச் சில்லாகச் சரிவில் உருண்டுவிடும். ஆக, கண்டுபிடிக்கக் கிடைப்பது ஒரு குறுகிய அவகாசம்தான். அத்தனை சரிவுகளையும் அந்த அவகாசத்துக்குள் பார்த்து முடிக்க உலகத்துத் தொல்லுயிரியலாளர்கள் மொத்தமும் போதாது. பண்ணைக்காரர்களும் விடுமுறையில் வருகிறவர்களும் சிறுவர்களும் இதில் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்வதற்கு இதுவே காரணம். அங்கே கண்கள் அதிகம் வேண்டும்.

அவர்கள் தேடும் முறை எளிமையானது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது சரிவின் அடிவாரத்தை ஒட்டி நடக்கிறார்கள். பழுப்பாக, லேசாகப் பளபளக்கும் சில்லு ஒன்று கிடைத்தால் உடைந்த முகத்தைப் பார்க்கிறார்கள். எலும்பென்றால் உள்ளே கண்ணறை கண்ணறையாகத் தெரியும், இரும்புக் கல்லென்றால் ஒரே சீராக இருக்கும். சந்தேகம் என்றால் நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. துளைகள் எச்சிலை உறிஞ்சுவதால் எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடுத்த சில்லு, அதற்கு மேலே இன்னொன்று என்று சரிவில் ஏறிக்கொண்டே போகிறார்கள். எந்த உயரத்துக்கு மேல் சில்லுகள் காணவில்லையோ, எலும்பு அங்கே மண்ணுக்குள் இருக்கிறது.

1988 செப்டம்பரில் மான்டானாவின் ஃபோர்ட் பெக் நீர்த்தேக்கக் கரையில் குடும்பத்தோடு முகாமிட்டிருந்த கேத்தி வாங்கல் என்ற பண்ணைக்காரப் பெண் மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த எலும்பைப் பார்த்தார். கிடைத்த துண்டுகளை போஸ்மன் நகரிலுள்ள ராக்கீஸ் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டினார். டி. ரெக்ஸின் முழு முன்னங்கை முதன்முதலாகக் கிடைத்தது அந்த எலும்புக்கூட்டில்தான். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

எலும்பைக் கண்ட பிறகு வேண்டியது பொறுமை. மேலே உள்ள மண்ணை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் நீக்கலாம். எலும்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஊசி, பல் மருத்துவரின் கருவி, தூரிகை. வெளிப்பட்ட எலும்பில் பாராலாய்டு என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார்கள். அசிட்டோன் ஆவியாகிவிடும், பிசின் விரிசல்களுக்குள் தங்கி எலும்பைப் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் அசிட்டோன் ஊற்றினால் அந்தப் பிசினைத் திரும்பக் கரைத்தும் எடுக்கலாம், ஆய்வகத்தில் அது பெரிய வசதி. ஒரே நிபந்தனை, எலும்பு காய்ந்திருக்க வேண்டும். ஈர எலும்பில் பிசின் வெளுத்துப்போய்ச் சரியாகப் பிடிக்காது.

அடுத்தது மாவுக்கட்டு. எலும்பைச் சுற்றிப் பள்ளம் பறித்து, அதை மண்ணோடு ஒரு மேடையில் நிறுத்துகிறார்கள். மேலே ஈரத் தாளோ அலுமினியத் தாளோ போர்த்துகிறார்கள், இல்லையென்றால் கட்டு எலும்பிலேயே ஒட்டிவிடும். வாளியில் பாரிஸ் சாந்தைக் கரைத்து, கீற்றுக் கீற்றாகக் கிழித்த சணல் சாக்கை அதில் முக்கி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டுகிறார்கள். சாந்து நீரை ஏற்று ஜிப்சம் ஊசிப் படிகங்களாகப் பின்னிக்கொள்ளும்போது சூடாவதைக் கையிலேயே உணரலாம். இறுகிய பின் அடி மண்ணை அறுத்து, எல்லோருமாகச் சேர்ந்து புரட்டுகிறார்கள். கட்டு சரியில்லை என்றால் அந்த நொடியில் அடிப்பக்கம் கொட்டிவிடும். மார்மார்த் டி. ரெக்ஸின் பெரிய கட்டு ஏறக்குறைய 2.7 டன். அதைத் தூக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது.

இந்த முறைக்கு முன்னோடியாக ஒன்றை 1876-இல் மான்டானாவில் செய்தார்கள். எட்வர்ட் கோப் என்ற ஆய்வாளரின் குழுவில் இருந்த சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க், உணவுக்குக் கொண்டுபோன அரிசியைக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சியில் துணியையும் சாக்கையும் முக்கி எலும்புகளைச் சுற்றினார். காய்ந்ததும் விறைத்துக்கொண்டது. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பு இருக்காது.

எலும்பை எடுப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைத்தால் எலும்பு நிலத்துக்காரருடையது. மத்திய அரசின் நிலத்தில் அனுமதி இல்லாமல் முதுகெலும்புள்ள விலங்கின் புதைபடிவத்தை எடுப்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1990-இல் தெற்கு டகோட்டாவில் சூ ஹென்ட்ரிக்சன் கண்டுபிடித்த டி. ரெக்ஸுக்காக வழக்கு நடந்து, கடைசியில் 1997-இல் 83 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நல்லவேளையாகச் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் வாங்கியதால் எல்லோரும் பார்க்கிறோம். இப்போது விலை பல மடங்கு ஏறிவிட்டது, அருங்காட்சியகங்களால் போட்டி போட முடியவில்லை. ஒரு செல்வந்தரின் வரவேற்பறைக்குப் போகும் எலும்பு அறிவியலுக்கு இல்லாமல் போனதாகவே அர்த்தம் என்பது என் கருத்து. திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் பறித்த எலும்பும் அப்படித்தான். எந்த அடுக்கில், எந்தத் திசையில், பக்கத்தில் எந்த இலையோடும் சிப்பி ஓட்டோடும் கிடந்தது என்ற குறிப்பு போய்விட்டால் அதைக் கொண்டு சொல்ல முடிவது மிகக் குறைவு. மார்மார்த் சிறுவர்களின் அப்பா தோண்டாமல் படம் எடுத்து அனுப்பியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் ஊரிலும் இந்த ஆர்வம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர் விஷால் வர்மா பல ஆண்டுகளாக நர்மதைக் கரையில் டைனோசர் முட்டைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவரும் சேர்ந்து எழுதி 2023-இல் வெளிவந்த ஆய்வு 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் விவரிக்கிறது. அதே மாவட்டத்தில் சில கிராமத்தார் அந்த உருண்டைகளைக் குலதெய்வமாக வைத்துக் கும்பிட்டது செய்தியானபோது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கும்பிட்டதால் அவை உடைபடாமல் இருந்தன. 2020-இல் பெரம்பலூர் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று விசாரிக்காமலே ஊரெல்லாம் பரப்பினார்களே, அந்த அவசரம்தான் எனக்கு மூடநம்பிக்கையாகப் படுகிறது. அவை கடலில் உருவான கல் உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் வந்து விளக்க வேண்டியிருந்தது.

அரியலூர் மாவட்டத்தில் உண்மையான டைனோசர் எலும்பே கிடைத்திருக்கிறது. கல்லமேடு பகுதியில் கிடைத்த எலும்புகளைப் பற்றி 1929-லேயே மாட்லி என்ற ஆங்கிலேய நிலவியலாளர் எழுதினார். அங்கே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் கண்டெடுத்த எலும்புகளுக்கு 1980-களில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். அளவுகள் சரி என்றால் உலகில் வாழ்ந்த மிகப்பெரிய நிலவிலங்குகளில் ஒன்று. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. மண்ணின் தன்மையும் மழை ஈரமும் சேர்ந்து அவை உதிர்ந்துபோய்விட்டன. வெகுகாலம் வெளியில் இருந்தவை கோட்டுப்படங்கள் மட்டுமே என்பதால், அது எலும்பே அல்ல, கல்லான மரத்தண்டு என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022-இல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் அந்தச் சந்தேகம் தணிந்தது.

எலும்பைக் காயவைத்துப் பிசினூட்டத் தெரிந்த நாலு பேர், ஈரம் புகாத ஒரு கிடங்கு, ஆண்டு முழுக்க வேலை செய்ய ஒரு சிறிய ஆய்வகம் ஆகியவை அரியலூரிலேயே இருந்தால் போதும். இதற்கு ஒதுக்கப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதுவரை, சுண்ணாம்புச் சுரங்கப் பக்கமோ ஓடைக்கரையிலோ எலும்பு மாதிரி எதையாவது பார்த்தால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தோண்டாதீர்கள். படத்தையும் இடத்தையும் அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கோ அனுப்புங்கள். ஐப்பசி மழைக்கு முன் அனுப்பினால் இன்னும் நல்லது.