ஆட்ட அட்டவணை வந்த அன்றே விமான டிக்கெட் எடுக்காதீர்கள்

கோயம்புத்தூரில் பதினேழு ஆண்டுகளாகப் பயண முகவராகத் தொழில் செய்து வருகிறேன். தமக்குப் பிடித்த கால்பந்து அணியின் ஆட்டத்தை இங்கிலாந்துக்கே சென்று பார்க்க வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் முன்பு ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள்; இப்போது மாதம் தவறாமல் யாராவது வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் திட்டமிடுவதற்காக வருவதில்லை. இணையத்தில் தாங்களே எல்லாவற்றையும் பதிவு செய்து, பணம் சிக்கிக்கொண்ட பிறகே வருகிறார்கள்.

சென்ற மாதம் வந்தவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கராக இருப்பவர். தம்பியை அழைத்துக்கொண்டு ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஒரே ஒரு லிவர்பூல் ஆட்டம் பார்த்துவிட வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தவர். ஜூன் மாதம் அட்டவணை வெளியான அன்று இரவே, ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைக் குறிவைத்து, வெள்ளிக்கிழமை லிவர்பூலுக்கு அருகிலுள்ள மான்செஸ்டரில் இறங்கி ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பும்படி, மாற்ற முடியாத மலிவு விலை டிக்கெட்டுகள் இரண்டை வாங்கிவிட்டார். பிறகு அந்த ஆட்டம் திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு மாற்றப்பட்டது. அட்டவணையின் அச்சுப் பிரதியை என் மேசை மீது வைத்து, "சனிக்கிழமை என்றுதானே சார் போட்டிருக்கிறது?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. இந்தப் பருவத்தில் இதே காரணத்துக்காக என் முன் வந்து அமர்ந்த நான்காவது குடும்பம் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் அட்டவணை ஜூனில் வெளியாகும். அது, எந்த வார இறுதியில் எந்த அணி யாருடன் எந்த மைதானத்தில் ஆடும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. பெரும்பாலான ஆட்டங்களுக்கு நேராகச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்று இருப்பது, ஒளிபரப்பு நிறுவனங்கள் தமக்கு வேண்டிய ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் வரை போட்டு வைக்கப்படும் தற்காலிக நேரம். அதை யாரும் உங்களுக்கு வாக்குறுதியாகத் தரவில்லை. இந்த ஒன்றை விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கைப்பேசியில் தேதியைக் காட்டுகிறார்கள், அணியின் இணையதளத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். அதே பக்கத்தில், ஆட்ட நாள்கள் மாற்றத்துக்கு உட்பட்டவை என்ற குறிப்பும் இருக்கும். அதை மட்டும் எவரும் படிப்பதில்லை.

இது ஏன் இப்படி என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லீக்கில் 20 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள், மொத்தம் 380. 2025-26 பருவத்தில் தொடங்கிய ஒப்பந்தப்படி, பிரிட்டனில் ஸ்கை நிறுவனம் ஆண்டுக்குக் குறைந்தது 215 ஆட்டங்களையும் டிஎன்டி நிறுவனம் 52 ஆட்டங்களையும் நேரலையில் காட்டுகின்றன. ஆனால் கீழ்நிலை லீக்குகளின் மைதானங்களுக்குக் கூட்டம் வராமல் போய்விடக் கூடாது என்பதற்காக, சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் அந்த நாட்டில் நேரலையில் காட்டுவதில்லை என்ற ஏற்பாடு 1960-களிலிருந்து இருக்கிறது. ஆகவே தொலைக்காட்சிக்குத் தேர்வான ஆட்டம் 3 மணியில் இருக்க முடியாது. அது வெள்ளி இரவுக்குப் போகலாம். சனி நண்பகலுக்கோ மாலைக்கோ, ஞாயிற்றுக்கிழமைக்கோ, திங்கள் இரவுக்கோ போகலாம். எந்த அணிகளைப் பார்க்க மக்கள் அதிகமோ அவற்றின் ஆட்டங்களைத்தான் தொலைக்காட்சிகள் முதலில் எடுக்கும். நம் ஊரில் யாருக்கு ரசிகர்கள் அதிகம்? மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி. நீங்கள் நேசிக்கும் அணி எவ்வளவு பெரியதோ, அட்டவணையில் உள்ள அந்தத் தேதி அவ்வளவு பலவீனமானது.

இதோடு முடிவதில்லை. உங்கள் அணி வியாழக்கிழமை ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் ஒன்றில் ஆடினால், அதை அடுத்த லீக் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படும். லீக் கோப்பை என்ற தனித் தொடரில் மார்ச் மாத இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டால், அந்த வார இறுதியில் இருந்த லீக் ஆட்டம் வேறொரு நாளுக்குப் போய்விடும். உங்கள் அணி வெல்வதாலேயே உங்கள் பயணம் கெடக்கூடும். இயற்கையும் தன் பங்குக்கு வரும். 2024 டிசம்பர் 7 அன்று குடிசன் பார்க் மைதானத்தில் எவர்ட்டனும் லிவர்பூலும் மோத வேண்டிய ஆட்டம், புயல் காரணமாக அன்று காலையில்தான் ஒத்திவைக்கப்பட்டது. அது நடந்தது 2025 பிப்ரவரி 12 அன்று. 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசி மறைந்தபோது ஒரு வார இறுதி ஆட்டங்கள் முழுவதும் தள்ளிவைக்கப்பட்டன. இவற்றை யாராலும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் ஒளிபரப்புக்கான மாற்றத்தை அறிய முடியும். பொதுவாக ஆட்டத்துக்கு ஐந்து, ஆறு வாரங்களுக்கு முன் அது அறிவிக்கப்படுகிறது. அந்த அறிவிப்புகள் எந்த நாள்களில் வெளியாகும் என்ற உத்தேசப் பட்டியலையும் லீக் வெளியிடுகிறது.

எனவே காத்திருங்கள். அதுவரை காத்திருந்தால் விமானக் கட்டணம் ஏறிவிடும் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும், ஏறத்தான் செய்யும். முன்னதாகவே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வியாழக்கிழமை போய்ச் சேர்ந்து புதன்கிழமை கிளம்பும்படி எடுங்கள். ஆட்டம் வெள்ளி இரவுக்குப் போனாலும் திங்கள் இரவுக்குப் போனாலும் அந்த இடைவெளிக்குள் அடங்கும். தேதியை மாற்ற அனுமதிக்கும் கட்டண வகையிலேயே டிக்கெட் எடுங்கள். பதிவு செய்யும் நாளில் அதிகமாகத் தோன்றும் அந்த வித்தியாசம், திருப்பூர் அண்ணன் தம்பி இழந்த தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தங்கும் விடுதியைக் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு மட்டும் பதிவு செய்யுங்கள். பயணக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். ஆட்ட நாள் மாறியது என்பதற்காகப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை.

அடுத்து, மைதான நுழைவுச்சீட்டு. இதில் நடப்பது வெறும் கவனக்குறைவு அல்ல, ஏமாற்று. கூகுளில் அணியின் பெயரைப் போட்டுத் தேடினால் விளம்பரமாக முதலில் வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளத்தில், அசல் விலையைப் போல் பல மடங்கு கொடுத்து வாங்கிவிட்டு, "உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்துவிட்டது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிய அனுமதியின்றிக் கால்பந்து நுழைவுச்சீட்டை விற்பது 1994-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். கச்சேரிக்கும் நாடகத்துக்கும் இந்தப் பிரிவு இல்லை, கால்பந்துக்கென்றே போடப்பட்டது. அதனால்தான் இத்தகைய தளங்கள் பலவும் அந்தச் சட்டத்தின் கை எட்டாத வெளிநாடுகளிலிருந்து இயங்குகின்றன. வாங்கியவரை யாரும் சிறையில் அடைக்கப் போவதில்லை, ஆனால் அந்தச் சீட்டை அணி நிர்வாகம் ரத்து செய்துவிட்டால் நீங்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்க நண்பர் தன் சீட்டைக் கையில் கொடுத்தால் நாம் உள்ளே போய்விடுவோம். அங்கே அப்படியில்லை. பெரிய அணிகளின் சீட்டு இப்போது உறுப்பினர் ஒருவரின் பெயரில் அவருடைய கைப்பேசிக்குள் இருக்கிறது. இடைத்தரகர் வேறொருவரின் உறுப்பினர் கணக்கை உங்களுக்கு வாடகைக்கு விடுவார். சிலர் சீட்டு ஏற்றப்பட்ட கைப்பேசியையே விடுதிக்குக் கொண்டுவந்து கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள். இடையில் ஒரு காவலர் அந்தப் பெயரை நிரூபிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? என்னிடம் வந்த ஒரு தந்தையும் பத்து வயது மகளும் அப்படித்தான் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் குழந்தை புதுச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தின் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியதை அவர் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

முறையான வழிகள் இருக்கின்றன. பருவம் தொடங்கும் முன்பே அணியின் சொந்த இணையதளத்தில் உறுப்பினர் ஆகுங்கள், வெளிநாட்டவரும் ஆகலாம். லிவர்பூல், ஆர்சனல் போன்ற அணிகள் உறுப்பினர்களுக்குக் குலுக்கல் முறையில் சீட்டு ஒதுக்குகின்றன. அதற்குப் பெயர் பதிவு செய்யும் காலம் ஆட்டத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். இருவர் போனால் இருவருக்கும் தனித்தனி உறுப்பினர் அட்டை வேண்டும். குலுக்கலில் சீட்டு கிடைக்காவிட்டால், ஆட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் திருப்பித் தரும் சீட்டுகளை அணியே மறுவிற்பனை செய்யும் பகுதியைத் தினமும் பாருங்கள். செலவைப் பற்றிக் கவலை இல்லையென்றால், சாப்பாட்டோடு சேர்த்து அணி நேரடியாக விற்கும் விருந்தோம்பல் தொகுப்பு நம்பகமானது. மைதானத்தை அனுபவிப்பதுதான் முதன்மை என்றால், லீக் கோப்பையின் தொடக்கச் சுற்று ஆட்டங்களுக்கு இடம் கிடைப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஆர்சனல் மகளிர் அணி 2025-26 பருவத்தின் தன் சொந்த மண் லீக் ஆட்டங்கள் அனைத்தையும் ஆண்கள் அணி ஆடும் எமிரேட்ஸ் மைதானத்திலேயே ஆட ஏற்பாடு செய்தது. இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் அனுப்பி வைத்த ஒரு குடும்பமும் வருத்தப்பட்டுத் திரும்பவில்லை. அங்கீகாரமற்ற விற்பனைத் தளங்களின் பட்டியலை பிரீமியர் லீக்கே வெளியிட்டு வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

எதிரணியின் மைதானத்தில், உள்ளூர் ரசிகர்களுக்கான பகுதியில் சீட்டு வாங்கிவிட்டு உங்கள் அணியின் சட்டையோடு போகாதீர்கள். வெளியேற்றிவிடுவார்கள். விருந்தினர் அணிக்கு ஒதுக்கப்படும் சில ஆயிரம் இடங்கள் ஆண்டுக்கணக்கில் அணியைப் பின்தொடர்ந்து செல்பவர்களுக்கே போய்விடுகின்றன. அவற்றுக்கு 30 பவுண்டு என்ற உச்சவரம்பு 2016-17 முதல் இருக்கிறது. அந்தப் பகுதிச் சீட்டை நாற்பதாயிரம் ரூபாய்க்குத் தருவதாக எவராவது சொன்னால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள்.

விசா பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு மயக்கத்தை மட்டும் சொல்கிறேன். 2018-இல் ரஷ்யா ரசிகர் அடையாள அட்டையை வைத்தே நாட்டுக்குள் விட்டது. 2022-இல் கத்தார், ரசிகர்களுக்கு வழங்கிய ஹய்யா என்ற அட்டையை நுழைவு அனுமதியாக ஏற்றது. அவை உலகக் கோப்பைக்கென்று அந்தந்த நாடுகள் செய்த தனி ஏற்பாடுகள். பிரிட்டனில் ஆட்டச் சீட்டு விசாவுக்கு ஈடாகாது. பயணத் தேதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு முடிவுக்குச் சாதாரணமாக மூன்று வாரம் ஆகும். வழக்கமான பார்வையாளர் விசா ஆறு மாதம் செல்லும் என்பதால் ஆட்டம் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் விசாவுக்குக் கெடுதல் இல்லை. ஆகவே அதற்குத் தொலைக்காட்சி அறிவிப்பு வரும்வரை காத்திராதீர்கள்.

கால்பந்து பார்க்கப் போகிறேன் என்றால் விசா கிடைக்காது, மாமா வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதுங்கள் என யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விளையாட்டுப் பார்ப்பது முழுக்க நியாயமான சுற்றுலாக் காரணம். பொய் சொன்னது கண்டுபிடிக்கப்பட்டால் பத்து ஆண்டுகள் அந்த நாட்டு விசாவை மறந்துவிட வேண்டியதுதான். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமனாரிடம் மூன்று லட்சம் வாங்கிக் கணக்கில் போடாதீர்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அதிகாரி முதலில் கேட்பார். பார்வையாளர் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு வழி இல்லை, மீண்டும் கட்டணம் செலுத்திப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இரவு 8 மணி ஆட்டம் முடிந்து ஆன்ஃபீல்டிலிருந்து வெளியே வரும்போது லண்டனுக்கான கடைசி ரயில் போயிருக்கும். அன்றிரவு லிவர்பூலிலேயே தங்குங்கள். முன்பதிவு ரயில் சீட்டு அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும் என்பதால், ஆட்ட நாள் உறுதியாகும் முன் அதையும் வாங்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி முடித்த பிள்ளை முதல் சம்பளச் சேமிப்பில் இப்படிப் போக விரும்பினால், பணத்தை வீணாக்குகிறான் என்று தடுக்காதீர்கள். தடுக்கப்பட்டவர்கள்தான் உங்களுக்குத் தெரியாமல், யாரையும் கேட்காமல், இரவோடு இரவாக எல்லாவற்றையும் தவறான வரிசையில் வாங்குகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களை அவர்களோடு சேர்ந்து படியுங்கள்.

திருப்பூர் அண்ணன் தம்பி அடுத்த பருவத்துக்கு மீண்டும் முயல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருவரையும் உறுப்பினராகச் சொல்லியிருக்கிறேன். குலுக்கல் பதிவுக்கான நாளை நானே குறித்து வைத்திருக்கிறேன். தம்பியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன், வரும் ஜனவரியோடு காலாவதி ஆகிறது. முதலில் அதைப் புதுப்பிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.