தோப்பி: கிராஃப்ட் பீருக்கு ஒரு பழைய தமிழ்ப் பெயர்

தீபாவளிக்கு அம்பாசமுத்திரம் வந்திருந்த அக்கா மகன், "மாமா, கிராஃப்ட் பீருக்குத் தமிழ்ல என்ன பேரு? அதுவும் தண்ணியையும் மண்ணையும் கெடுக்காம செய்யறாங்களே, அதுக்கு?" என்று கேட்டான். அவனுக்கு வேலை பெங்களூரில். கைவினை பீர் என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் கைவினை தமிழாயிற்று, பீர் அப்படியே நிற்கிறது.

கிராஃப்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் வலிமை, திறமை. ஜெர்மன் மொழியில் இன்றும் வலிமைதான். ஆங்கிலத்தில் அது பின்னால் கைத்தொழிலுக்கு ஆகிவந்தது. வீட்டில் சொந்தத் தேவைக்கு பீர் தயாரிக்க 1978-இல் அமெரிக்கக் கூட்டரசு இடம் கொடுத்தது. அப்படி வீட்டில் கைபழகியவர்கள் பலர் பிறகு சிறு ஆலைகள் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததற்கே கிராஃப்ட் பீர் என்ற பெயர் நிலைத்தது. பீர் என்ற சொல்லை, குடித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையோடு சேர்த்துச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் அதற்குப் பொருள் வெறும் 'குடி'.

வாற்கோதுமை, அதாவது பார்லி, சேர்வதால் வாற்கோதுமைக் கள் என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. திருநெல்வேலிச் சீமையில் அது எடுபடாது. இங்கே கள் என்றால் பனங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். 1987-இல் கள் இறக்கத் தடை வந்த பிறகும் அந்தப் பொருள் மாறவில்லை. தானியத்தில் செய்வதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் நம்மிடம் இருக்கிறது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்ளின் தோப்பி பருகி' என்று ஓர் அடி. தோப்பி என்றால் நெல்லில் சமைத்த கள். இல்லடு என்றால் வீட்டில் ஆக்கிய. கிராஃப்ட் என்ற சொல் சுற்றிவளைத்துச் சொல்வதை இது நேராகவே சொல்லிவிடுகிறது.

அதே நூலில் செய்முறையும் வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, பிழா என்ற வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட வேண்டும். சாடியில் அது 'வழைச்சற', அதாவது இளமை நீங்கி, முதிரும். இதில் முளைதான் உயிர். எங்கள் பக்கம் பிசான நெல் பருவத்துக்கு விதைநெல் முளைகட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சாக்கோடு வாய்க்காலில் ஊறிய நெல்லைக் கரையேற்றி, வைக்கோல் போட்டு மூடிவைப்பார்கள். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று சுடும். ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். முளைவிடும் தானியத்தில் உண்டாகும் நொதிகள்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் மதுவாக்குகிறது. பீர் ஆலைக்காரர்கள் மால்ட் என்பது இதே முளைதானியத்தைத்தான். இன்றைய பீரில் வாற்கோதுமையும் கசப்புக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவும் சேரும், தோப்பியில் அவை இல்லை. ஆனாலும் குடும்பம் ஒன்று.

வினையையும் மாற்றத்தான் வேண்டும். பீர் காய்ச்சுவது என்று சொன்னால் நம் காதில் சாராயம்தான் விழுகிறது. சமைத்தல் என்ற பொருளில் அடுதல் என்றே சொல்லலாம். அடுப்பு என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்புறம், அவன் கேட்ட இரண்டாவது பாதி. சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்டை வளங்குன்றா வளர்ச்சி என்று ஏற்கெனவே எழுதுகிறோமே, அந்த வளங்குன்றா போதும். ஆனால் கையால் செய்வதாலேயே, சிறியதாக இருப்பதாலேயே எதுவும் வளங்குன்றாததாகிவிடாது. ஒரு லிட்டர் பீருக்குப் பொதுவாக 4 முதல் 7 லிட்டர் தண்ணீர் ஆகிறது; பெரும்பகுதி அண்டா, குழாய் கழுவவே போய்விடும். சின்ன ஆலைகளில் பல நேரம் இதைவிடக் கூடுதல். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவன் அதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. முளைதானியத்தை ஊறவைத்து வடித்த சாற்றைக் கொதிக்கவிட்டு, பிறகு அதை ஆறவைக்கும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதை அடுத்த முறை தானியம் ஊறவைக்க எடுத்தால் தண்ணீரும் விறகும் மிச்சம். சாறு இறங்கிய தானியச் சக்கை மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால் ஈரச் சக்கை ஓரிரு நாளில் கெட்டுவிடும், தூரம் அனுப்ப முடியாது. பக்கத்துத் தொழுவம் வேண்டும்.

'வளங்குன்றாத் தோப்பி' என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். "சரி, சக்கைக்கு?" என்றான்.

சக்கைக்குச் சக்கைதான்.