சொல் விளக்கம்: நகர வெப்பத் தீவு

சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைக் காட்டிலும் ஒரு நகரத்தின் தரையும் காற்றும் கூடுதலாகச் சூடேறி நிற்கும் நிலையை ஆங்கில வழக்கில் ‘அர்பன் ஹீட் ஐலண்ட்’ என்பர். தமிழில் ‘நகர வெப்பத் தீவு’ என்று எழுதி வருகிறோம். இதனை ‘வெப்ப அலை’யோடு குழப்பிக்கொள்ளலாகாது. வெப்ப அலை வானிலையால் வந்து சில நாட்களில் கடந்துபோவது. வெப்பத் தீவோ நாம் கட்டிய கட்டடங்களாலும் சாலைகளாலும் உண்டாகி ஊரோடு தங்கிவிடுவது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேகங்களுக்குப் பெயரிட்டவராக அறியப்படும் லூக் ஹோவர்டு, லண்டன் நகருக்குள்ளும் வெளியிலும் எடுத்த அளவீடுகளை ஒப்பிட்டு, இரவில் நகரம் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருப்பதையும், பகலில் அவ்வேறுபாடு இல்லாததையும் காட்டினார். இரவு என்பதே இங்கு முக்கியம். கான்கிரீட்டும் தாரும் பகலில் உள்வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்தபின் மெல்ல வெளிவிடுகின்றன. நெருங்கி நிற்கும் சுவர்கள் அச்சூடு வானுக்குப் போகாமல் தடுக்கின்றன. நீரை ஆவியாக்கித் தணிக்க மரமும் இல்லை, ஈரமண்ணும் இல்லை. தகரக் கூரையின் கீழ் இரவு ஷிப்ட் பார்க்கும் பனியன் கம்பெனித் தொழிலாளியும் விசைத்தறிக்காரரும் ‘வேக்காடு’ என்று சொல்வதில் இந்தச் சூட்டுக்கும் பங்குண்டு.

வரைபடத்தில் ஒரே வெப்பநிலையுள்ள இடங்களை இணைக்கும் சமவெப்பக் கோடுகளை வரைந்தால் அவை நகரைச் சுற்றி, கடல் நடுவே தீவு போல வளைந்து மூடிக்கொள்ளும். ‘தீவு’ வந்தது அவ்வாறே. ‘வெப்பம்’ என்பது வெம்மை, வெயில், வெக்கை ஆகியவற்றோடு ஒரே குடும்பத்துச் சொல். ‘தீவு’ வடமொழியின் ‘த்வீப’ என்பதிலிருந்து வந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி காட்டும். துருத்தி, ஆற்றிடைக்குறை என்னும் பழஞ்சொற்கள் நம்மிடம் இருந்தாலும், அவை ஆற்றின் நடுவிலுள்ள நிலத்தையே குறிப்பதால் இங்குப் பொருந்தா. என் தேர்வு ‘திட்டு’: நகர வெப்பத்திட்டு. சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து நிற்பதையும், ஒரே நகருக்குள் அங்கங்கே பரவிக் கிடப்பதையும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் இச்சொல் தாங்கும்.

ஒட்டிக்கொள்வது கொங்கு நாட்டில் கண்கூடு. அவிநாசி சாலையில் பீளமேடு, சின்னியம்பாளையம், நீலாம்பூர், கருமத்தம்பட்டி என்று கட்டடங்கள் நீண்டுகொண்டே போகையில், கோவையும் திருப்பூரும் தனித்தனித் தீவுகள் என்பது மெய்யாகத் தோன்றவில்லை. ஆயினும் கட்டட அனுமதியும் மரம் நடுதலும் குளப் பராமரிப்பும் அந்தந்த உள்ளாட்சியின் எல்லையோடு நின்றுவிடுகின்றன. 2010ஆம் ஆண்டின் கொடிய வெயிலுக்குப்பின் 2013இல் அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2023இல் தெலங்கானா அரசு வெயிலைத் திருப்பி அனுப்பும் ‘குளிர்கூரை’க்கெனத் தனிக்கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல தொடக்கம்தான், ஆனால் ஆண்டு முழுதும் இருக்கும் வெப்பத்திட்டு அதற்குள் அடங்காது.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை மேம்பாட்டில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்கின்றன. 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. பணம் நிழல் தராது என்பதால், நெருக்கமான வார்டுகளிலேனும் நிலத்தையே பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெப்பத்திட்டுக்கு எதிர்ச்சொல் ‘குளிர்திட்டு’. உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதியை 2024இல் பெற்ற திருப்பூர் நஞ்சராயன் குளம் போன்றவற்றை அப்படி அழைக்கலாம். நொய்யல் ஆற்றை நம்பிய குளங்களுக்கு மேலூரார் விடும் நீரே கீழூராருக்கு வந்து சேர்கிறது. ஆகவே கோவையின் வாய்க்கால் கொள்கை திருப்பூரின் வெக்கையையும் தொடும். இரு மாநகராட்சிகளும் இடைப்பட்ட ஊராட்சிகளும் வெப்பத்திட்டு, குளிர்திட்டு இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்து, அதைப் பார்த்தே கட்டட அனுமதி வழங்க வேண்டும்.